ஆசிரியன் புகும் ஊர்

நன்னூலார் பொதுப்பாயிரத்திலே ஆசிரியனுக்கு இலக்கணம் கூறினார். மாணாக்கனுக்கு இலக்கணம் கூறினார். பாடஞ் சொல்லும் முறையையும் பாடங் கேட்கும் முறையையும் விரித்தார். ஆசிரியராகத் தகாதவரையும் விட்டாரில்லை. ஆயினும், ஓர் ஆசிரியன் பாடஞ் சொல்லப் புகும் ஊர் எத்தகையதாதல் வேண்டும் என்பதற்கு ஒரு சூத்திரமேனும் செய்தாரல்லர். செய்திருப்பாராயின், சென்ற மாதத்து ஒரு மாலைப்பொழுதில் நான் பட்ட இடர்ப்பாடு நேர்ந்திராது.

அன்று என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். உயர்தர வகுப்பிலே என்னிடம் தமிழ் படித்தவர். பின்பு பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற்றவர். தமிழை ஒழுங்காகக் கற்றவனுக்கு எந்த மொழியும் வசப்படும் என்று நான் வகுப்பிலே சொல்வதுண்டு. அதற்கு இவர் ஒருவரே சாட்சி. மற்றைச் சாட்சிகள் இன்னும் வந்து சேரவில்லை. மூன்றாண்டாக ஒரு தனியார் கல்வி நிலையத்திலே ஆங்கிலம் கற்பிக்கின்றார். தங்கைக்குக் கலியாணம் பேசி முடிந்திருக்கிறது. வீட்டுறுதி வங்கியிலே இருக்கிறது.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். சீன தேசத்துப் பெரும் பட்டினங்கள் ஆறின் பெயர்கள் அதில் நிரலாக எழுதப்பட்டிருந்தன: பெய்ஜிங், சாங்காய், குவாங்சௌ, சென்சென், செங்டு, குன்மிங். ஒவ்வொன்றுக்கும் எதிரே குறிப்புக்கள். சாங்காயிலே சம்பளம் பெரிது, வீட்டு வாடகையும் பெரிது. பெய்ஜிங்கிலே மாரிக்குளிர் எலும்பைத் துளைக்கும். குவாங்சௌ நம்மூரைப் போலப் புழுங்கும். செங்டுவிலே மிளகாயும் தேநீர்ச்சாலைகளும் மிகுதி. குன்மிங்கிலே ஆண்டு முழுவதும் இளவேனில்.

“ஐயா, அங்கே ஆங்கிலம் படிப்பிக்கப் போகலாமென்று யோசிக்கிறேன். இவற்றிலே எந்தப் பட்டினம் வெளிநாட்டு ஆசிரியரை நன்றாக வரவேற்கும்?”

“தம்பி, நான் கடல் கடந்தது ஒரே ஒருமுறை. அதுவும் சிதம்பரத்துக்கு. என்னிடம் ஏன் கேட்கிறீர்?”

“மற்றவர்களைக் கேட்டால் சம்பளத்தைச் சொல்லுகிறார்கள், ஐயா. வரவேற்பு எப்படி என்று கேட்டால் ஒருவருக்கும் மறுமொழி தெரியவில்லை.”

கேள்வி நல்ல கேள்வி. உடனே விடை வரவில்லை. தேநீர் வந்தது, குடித்தோம். அவர் தாளை என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார். அதன் பின்பு பல நாள் யோசித்துக் கண்டதையே இங்கே எழுதுகிறேன்.

சீனத்தை நான் அறியேன். ஆனால், அந்நிய ஆங்கில ஆசிரியர்களை ஏற்றுக்கொண்ட ஓர் ஊரை நன்றாக அறிவேன். நான் பிறந்து வளர்ந்தது அவ்வூரிலே. ஒரு பட்டினத்தின் வரவேற்பை அளப்பதற்கு அவ்வூரின் கதையைவிட நல்ல அளவுகோல் என் கைவசம் இல்லை.

1816 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே அமெரிக்க மிசனைச் சேர்ந்த பாதிரிமார் சிலர் மனைவியரோடு கொழும்புத் துறையில் வந்திறங்கினர். தானியேல் பூவர், மெய்க்ஸ், றிச்சாட்ஸ், வாறன் என்போர் அவர்கள். அவர்களுக்கு முன்வந்த தோழர் சிலரைக் கல்கத்தாவிலே கிழக்கிந்தியக் கும்பினியார் தங்கவிடவில்லை. இலங்கைத் தேசாதிபதி பிறவுண்றிக் யாழ்ப்பாணத்துக்குப் போக இசைந்தார். ஆகவே அவர்கள் இங்கே வந்தது நல்லூர் இதுவெனத் தெரிந்து வந்ததன்று. திறந்திருந்த கதவு இது ஒன்றே என்பதனால் வந்தது. தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் போர்த்துக்கேயர் காலத்துத் தேவாலயங்களின் இடிபாடுகளுக்கு நடுவே குடியேறினார்கள். பனை வேலியும் புழுதித் தெருவும் கிணற்றடியுமான ஓர் இடம். பெரும் பட்டினத்தின் வசதி ஒன்றும் அங்கே இல்லை.

பின்னே இருந்தது யாது? ஊரிலே கல்வி இருந்தது. திண்ணைப் பள்ளிகள் இருந்தன. நிகண்டு மனனஞ் செய்த பிள்ளைகள் இருந்தார்கள். புராணத்துக்குப் பயன் சொல்லும் முதியவர்கள் இருந்தார்கள். பஞ்சாங்கம் கணிக்கும் சாஸ்திரிமார் இருந்தார்கள். வந்தவர்கள் ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்குமுன் தாம் தமிழ் கற்கவேண்டியதாயிற்று. இஃது அவர்களுடைய பெருந்தன்மையினால் மாத்திரம் நிகழ்ந்ததன்று. ஊர் வேறு வழி விடவில்லை. தமிழிலே பிழைபடப் பேசுகின்றவனை எங்கள் ஊர் எக்காலத்திலும் எள்ளி நகையாடும். அந்த நகையாட்டுக்கு அஞ்சிப் படித்த பாதிரிமார் எத்தனை பேரோ.

1823 இலே தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறியின் கதை இதற்குச் சான்று. ஆங்கிலமும் கணிதமும் வானநூலும் அங்கே கற்பிக்கப்பட்டன. தமிழும் உடன் கற்பிக்கப்பட்டது. ஊரார் கைகட்டி வாய்பொத்திக் கேட்டாரல்லர். 1829 இலே நிகழ்ந்த சந்திர கிரகணத்தைப் பற்றிப் பூவர் பாதிரியாருடைய கணிப்புக்கும் அராலி விசுவநாத சாஸ்திரியாருடைய பஞ்சாங்கத்துக்கும் வேற்றுமை எழுந்தது. எது சரியென்று பார்ப்பதற்கு ஊரே அன்றிரவு விழித்திருந்தது போலும். பாதிரியார் கணிப்பே பலித்தது என்று மிசன் சரித்திரம் கூறும். சாஸ்திரியார் தரப்புச் சரித்திரத்தை எழுதுவார் இல்லாது போயினர். வென்றவர் யாராயினும் ஆகுக. வந்த ஆசிரியனோடு வானத்தைச் சாட்சிவைத்து வாதிட ஓர் ஊரிலே ஆள் இருந்தார் என்பதே எனக்கு வேண்டுவது. அத்தகைய ஊரிலே ஆசிரியன் உறங்க முடியாது.

பூவருக்குப் பின் செமினறித் தலைவராயிருந்த ஒய்சிங்டன் பாதிரியாரைப் பாருங்கள். வந்தது ஆங்கிலமும் கிறிஸ்தவமும் கற்பிக்க. பிற்காலத்திலே அவர் செய்தது சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது. 1854 அளவில் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் வெளியீட்டில் அது வந்தது. நம்மவருடைய வானநூலைப் பற்றியும் ஒரு நூல் 1848 இலே யாழ்ப்பாணத்திலேயே அச்சிட்டார். மறுப்பதற்காகப் படித்தார் என்பார் உளர். இருக்கலாம். மறுப்பதற்காகவேனும் மெய்கண்டார் சூத்திரத்தைப் படித்த ஒருவர், படியாமற் போற்றுகின்ற நம்மவர் பலரினும் மேலானவர் என்பது என் துணிபு.

வின்சுலோ பாதிரியார் இங்கு வந்தது 1820 ஐ அண்டிய காலம். அவர் வெர்மான்ட் என்னும் அமெரிக்க மாகாணத்தவர். யாழ்ப்பாணத்திலே நைற் பாதிரியார் தொடங்கிவைத்த சொற்றொகையையும் துணைக்கொண்டு, 1862 இலே சென்னையில் அவர் வெளியிட்ட தமிழ் ஆங்கில அகராதியில் 67,000க்கு மேற்பட்ட சொற்கள் உள்ளன. அதன் பிரதியொன்று என் மேசையில் இருக்கின்றது. பண்டிதப் பரீட்சை தேறி முப்பதாண்டு தமிழ் கற்பித்த நான், ஐயம் வந்தபோது வெர்மான்டுக்காரர் ஒருவரைக் கேட்டுத் தெளிகின்றேன். இதை வாசகர்கள் மனத்தில் வைத்திருத்தல் வேண்டும். பின்னே இதனோடு ஒரு காரியம் இருக்கிறது.

மானிப்பாய்க் கிறீன் வைத்தியர் 1847 இலே வந்து, மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். தமிழில் வைத்திய நூல்களும் செய்வித்தார். ஊர் திரும்பி இறந்தபின் அவருடைய கல்லறையில் தமிழருக்கு வைத்தியராயிருந்தவர் என்பது பொறிக்கப்பட்டது. வெஸ்லியன் மிசனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியார் யாழ்ப்பாணத்திலே பழமொழிகளைத் திரட்டி ஆங்கிலத்தில் பெயர்த்தார். விவிலியத்தை மொழிபெயர்த்தற்கு அவருக்குத் துணையாயிருந்த இளைஞர் ஆறுமுகநாவலர். அவ்விளைஞர் 1848 இலே அப்பதவியை விட்டு விலகி, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, மிசனாருக்கே எதிராளியானார். ஆசிரியனுக்குத் தமிழையும் கொடுத்து, ஏற்ற எதிராளியையும் கொடுத்த ஊர் இது.

உடுவிலிலே அக்னியூ அம்மையாருடைய வரலாறு வேறு வகையானது. 1840 இலே வந்த அவர் 1879 வரை பெண்கள் பாடசாலையில் ஆசிரியராயிருந்தார். 1883 இலே மானிப்பாயிற் காலமானார். இடையிலே ஒருமுறையேனும் அவர் அமெரிக்காவுக்குத் திரும்பவில்லை. நாற்பத்துமூன்று ஆண்டு! தாயிடம் படித்த பாடசாலையில் மகளும், மகளுக்குப் பின் பேர்த்தியும் அவரிடமே படித்ததாகச் சொல்வர். அவர் பெரிய நூல் ஒன்றும் எழுதவில்லை. இருந்தார். ஆசிரியத் தொழிலிலே இருத்தல் என்பதும் ஒரு வித்தை.

சைவர்களும் இவ்வகையில் வாளா இருந்தாரல்லர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இலே மருதனார்மடத்திற் பெண்களுக்கு ஒரு கல்லூரி தொடங்கியபோது, அதற்குத் தலைவியாக அமர்த்தியது புளோறன்ஸ் பார் எமரி என்னும் ஆங்கில அம்மையாரை. லண்டன் நாடகமேடைகளில் நடித்தவர். யேற்ஸ், பேர்னாட் ஷா முதலியோருக்கு உற்ற தோழி. ஐம்பது வயது கடந்தபின் தம் உடைமைகளை விற்றுவிட்டுக் கப்பலேறினார். நடிகையொருவரைச் சைவப் பெண்பிள்ளைகளுக்குத் தலைவியாக்குவதா என்று அந்நாளில் யார் யார் முணுமுணுத்தார்களோ அறியோம். நம்மவர் வழக்கங்களை மதித்து நடந்த அம்மையாராகவே அவர் நினைக்கப்படுகிறார். 1917 இலே கொழும்பில் நோயால் இறந்தார். அவருடைய சாம்பலை இராமநாதனே களனி கங்கையிற் கரைத்தார். அந்நியருக்கு ஒருவர் செய்யக்கூடிய வரவேற்பில் அது கடைசி வரவேற்பு.

இவ்வளவும் சொல்லி, யாழ்ப்பாணத்தின் பெருமை பேசி முடித்துவிட்டேன் என்று எண்ணவேண்டா. நெஞ்சறியச் சொல்லவேண்டுவன இரண்டு உள.

முதலாவது, ஊர் கதவைத் திறந்தபோதும் அரசு சாத்தியதுண்டு. 1820 இலே காறெற் என்னும் அச்சுத்தொழிலாளர் அமெரிக்க மிசனுக்காக யாழ்ப்பாணம் வந்தார். பிறவுண்றிக்குக்குப் பின் ஆட்சி நடத்திய பார்ன்ஸ் அவரை இருக்க விடவில்லை. வெளியேறும்படி கட்டளை பிறந்தது. அவர் பம்பாய்க்குப் போனார். மிசனுக்கு வேண்டிய அச்சுவேலை பல ஆண்டு தடைப்பட்டது. 1834 இலேதான் மானிப்பாயில் அமெரிக்க அச்சுத்தொழிலாளர் ஒருவர் வந்து அமர்ந்தார். ஊரின் மனம் ஒன்று, அரசாங்கத்தின் முத்திரை ஒன்று. இரண்டும் ஒத்தால் அன்றி ஆசிரியனுக்கு இருப்பில்லை.

இரண்டாவது சொல்லக் கூசுவது. கடல் கடந்து வந்த வெள்ளைக்காரருக்குத் திண்ணையிற் பாய் விரித்த அதே ஊர், வேலிக்கு அப்பால் இருந்த தன் பிள்ளைகளுக்குப் பள்ளியிலே வாங்கு கொடுக்க மறுத்தது. சாதி குறைந்தவர் என்று ஒதுக்கிய சிறாரை நிலத்திலும் வெளியிலும் இருத்தியது. 1930 ஐ அண்டிய ஆண்டுகளிலே சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்ற நியாயம் எழுந்தபோது, அது பொறாமற் பள்ளிக்கூடங்கள் சிலவற்றுக்குத் தீ வைத்தவர்களும் நம் ஊரவரே. ஆதலின் நாம் வரவேற்றது கல்வியையா, முகத்தின் நிறத்தையா, அன்றி ஆங்கிலத்தால் வரும் உத்தியோகத்தையா என்று கேட்டால், மூன்றையும் என்பதே உண்மையான விடை. எவ்வளவு விகிதம் எது என்று பிரித்துக் காட்ட என்னால் இயலாது.

இனி, நம்மவர் பிறர் ஊருக்கு ஆசிரியராகச் சென்ற கதைக்கு வருவோம். மலாயாவுக்குச் சென்றவர் உண்டு. எழுபதுகளிலும் எண்பதுகளின் முற்பகுதியிலும் ஆபிரிக்க நாடுகளுக்குச் சென்றவர் மிகப் பலர். எனக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர் ஒருவர் 1981 இலே நைஜீரியாவுக்குச் சென்றார். அந்நாட்டு நாணயம் விழுந்தபின் 1987 இலே திரும்பி வந்தார். திரும்பி வந்தவரைக் காணச் சென்றபோது அவர் சொன்னது எனக்கு இன்றும் நினைவிலிருக்கிறது.

முதல் ஈராண்டு ஒரு பெரிய பட்டினத்தில் இருந்தாராம். அங்கே யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பல. சனிக்கிழமை ஒரு வீட்டிலே இடியப்பமும் சொதியும். ஞாயிறு மற்றொரு வீட்டிலே கடுதாசி விளையாட்டு. ஊரிலிருந்து வந்த பத்திரிகையை எல்லாரும் மாறி மாறிப் படிப்பார்கள். சுகமான வாழ்வு. ஆனால் வகுப்பிலே பிள்ளைகளுடைய பெயரைத் திருத்தமாகச் சொல்லவும் அவருக்கு வரவில்லை. பின்பு வடக்கே ஒரு சிற்றூருக்கு மாற்றினார்கள். மின்சாரம் பாதி நாள் இல்லை. தலைமை ஆசிரியர் முதல்நாளே, “சன்னு என்று சொல்லி வணங்கிய பிறகே வகுப்புக்குள் போகவேண்டும்” என்று அவுசா மொழியிலே ஒரு சொல்லைக் கற்பித்தாராம். நாளுக்கு ஒரு சொல்லாக அந்த மனிதர் கற்பித்துக்கொண்டே வந்தார். நான்காண்டு முடிவில் எங்கள் ஆசிரியர் சந்தையிலே விலை பேசுவார். சாவீட்டுக்குப் போய் முறைப்படி துக்கம் விசாரிப்பார். “அங்கே இருந்த பிறகுதான், தம்பி, நான் அவர்களுக்கு ஆங்கிலம் படிப்பித்தேன், முன்பு படிப்பித்தது என் சம்பளத்துக்கு” என்றார்.

அவர் சொன்னதிலே என் மாணவருடைய கேள்விக்கு விடையிற் பெரும்பகுதி கிடைத்துவிட்டது. அந்நியரைக் கண்டு புன்னகை செய்யும் ஊர் பல. அந்நியருக்காகவே தேநீர்ச்சாலையும் மதுச்சாலையும் குடியிருப்பும் அமைத்துவைக்கும் பட்டினங்களும் உண்டு. சாங்காய் அவற்றுள் ஒன்று என்று கேள்வி. அங்கே பத்தாண்டு இருந்தும் பத்துச் சீனச் சொல் அறியாது வாழலாமாம். இதனை வசதி என்க. வரவேற்பு என்று நான் சொல்லமாட்டேன். உன்னிடம் கற்கிறேன், நீயும் என்னிடம் கற்றுத்தான் ஆகவேண்டும் என்று பிடிவாதஞ் செய்யும் ஊரே ஆசிரியனை மெய்யாக ஏற்கும் ஊர். ஏற்றதற்கு அடையாளம், அவன் போகும்போது வந்தவனாக இல்லாதிருத்தல்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு மாணவருடைய தாளை மறுபடி பார்த்தேன். பார்த்தபோது வேறு ஒரு தடை தெரிந்தது. விசாரித்தேன், கணினி அறிந்த என் மகளும் உதவினாள். சீன அரசாங்கம் 2017 முதல் அந்நியருக்கு வேலை அனுமதி வழங்குதற்கு ஒரே முறையை நாடெங்கும் வகுத்திருக்கிறது. மொழி கற்பிக்க வருபவர் பொதுவாகத் தம் தாய்மொழியையே கற்பித்தல் வேண்டும், பட்டமும் வேண்டும், பெரும்பாலும் ஈராண்டு அனுபவமும் வேண்டும். ஆங்கிலத்தைப் பொறுத்தவரை தாய்மொழியாளர் என்று நடைமுறையிற் கொள்ளப்படுவோர் அமெரிக்கா, பிரித்தானியா, அயர்லாந்து, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா என்னும் ஏழு நாட்டுக் கடவுச்சீட்டு உடையோரே. இலங்கைக் கடவுச்சீட்டு அவ்வரிசையில் இல்லை. 2021 யூலையிலே வேறொரு கட்டளையும் வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் தனியார் நிலையங்கள் பெரும்பாலானவற்றை அது ஒடுக்கிவிட்டது. அந்நிய ஆங்கில ஆசிரியர் பலருக்கு வேலை கொடுத்தவை அந்நிலையங்களே.

மறுமுறை அவர் வந்தபோது இதைச் சொன்னேன்.

“தெரியும் ஐயா. ஏஜென்சிக்காரர் வர்த்தக விசாவிலே அனுப்புகிறேன் என்கிறார். போனபின் மாற்றலாமாம்.”

“மாற்றாவிட்டால்?”

அவர் பேசவில்லை. வேலை அனுமதி இல்லாத ஆசிரியன் பிடிபட்டால் தண்டமும் தடுப்புக்காவலும் நாடுகடத்தலும் காத்திருக்கின்றன. கூட்டிச்சென்ற ஏஜென்சிக்காரர் அப்பொழுது தொலைபேசியை எடுக்கமாட்டார். காறெற்றுக்குப் பம்பாய் இருந்தது. இவருக்குக் கட்டுநாயக்காவிலே கடன்காரர் இருப்பார். அரசன் வாசல் சாத்தியிருக்க, வேலி பிரித்து உள்ளே விடுகின்ற பட்டினம் எத்துணைப் பெரிதாயினும் அதை வரவேற்கும் பட்டினம் என்று எழுதிக்கொள்ளலாகாது. இதை அவரிடம் கண்டிப்பாகவே சொன்னேன்.

ஆயினும் அந்த விதியை நினைக்குந்தோறும் என் மனம் ஆறவில்லை. ஒரு நாடு தன் பிள்ளைகளுக்கு யார் கற்பிக்கலாம் என்று வரையறுத்தல் அதன் உரிமை. அதிலே குறை சொல்வதற்கில்லை. ஆனால் வரைந்த கோடு சரியான இடத்திலே விழுந்ததா? தாய்மொழி அல்லாத மொழியைக் கற்றுக் கற்பிக்கின்றவன், மாணாக்கன் எங்கே இடறுவான் என்பதை அறிவான். தானும் அங்கே இடறினவன் அவன். பிறந்தபோதே மொழியைப் பெற்றவனுக்கு அந்தப் பள்ளமும் மேடும் தெரியாது. வின்சுலோ அகராதியை முன்னே நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகவே. தமிழ் தாய்மொழியாதல் வேண்டும் என்று அன்று யாழ்ப்பாணம் விதி செய்திருந்தால் என் மேசையிலே அந்நூல் இராது. கிறீன் வைத்தியர் தமிழிலே உடற்கூறு சொல்லியிரார். அன்றியும், சில நிலையங்கள் தாய்மொழியையும் பாராது முகத்தின் வெண்மையையே பார்க்கின்றன என்று அங்கே சென்று மீண்டோர் எழுதியிருக்கின்றனர். அதைப் படித்தபோது சினம் வந்தது. வாங்கு மறுத்த எங்கள் பழைய பள்ளிக்கூடங்கள் நினைவுக்கு வந்தன. சினம் வாயளவில் நின்றுவிட்டது.

“அப்படியானால் போகவேண்டாம் என்கிறீர்களா ஐயா?”

இவ்விடத்திலே நன்னூலார் ஆசிரியராகத் தகாதவருக்குச் சொன்ன உவமைகளில் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. முடத்தெங்கு என்பது அது. ஒருவன் வளவிலே வேர் ஊன்றி, அவன் ஊற்றிய நீரைக் குடித்து வளர்ந்து, வளைந்து போய் அயல்வளவிலே காய் உதிர்க்கும் தென்னை. நெடுந்தீவிலும் வன்னியிலும் ஆங்கிலத்துக்கு ஆசிரியர் போதாமல் வகுப்புக்கள் வெறுமையாய் இருக்க, நீர் சீனத்திலே காய்க்கப் போகிறீரோ என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. தங்கையின் கலியாணமும் வங்கியிலிருந்த உறுதியும் முன்னே நின்றன. தென்னை தானாக வளைவதில்லை. நிழல் அழுத்துகின்ற பக்கத்திலிருந்து வெயில் உள்ள பக்கத்துக்கே வளைகின்றது. மரத்தைப் பழித்தவர் நிழலையும் ஒருமுறை பார்த்திருக்கலாம்.

ஆகவே வேறொன்று சொன்னேன். இத்சிங் என்னும் சீனத் துறவி 671 இலே குவாங்சௌவிலிருந்து கப்பலேறி நாலந்தாவுக்குப் புறப்பட்டார். நேரே போகவில்லை. சுமத்திராவிலே சிறீவிசயப் பட்டினத்தில் ஆறு மாதம் தங்கி வடமொழி இலக்கணம் கற்றார். பிற்காலத்தில் எழுதிய நூலிலே, மேற்கே செல்ல விரும்பும் சீனத் துறவிகள் அப்பட்டினத்தில் ஓராண்டு ஈராண்டு தங்கிப் பயின்று செல்வது நன்று என்று அறிவுரையும் கூறினார். போகும் ஊருக்கு முன்னே படிக்கும் ஊர் ஒன்று வேண்டும் என்பது அவர் கண்ட வழி. “நீரும் முதலில் மாணவராகப் போம். சீன மொழி படிக்கப் போகிறவருக்கு நேர்வாசல் திறந்திருக்கிறது. உதவிப் பணமும் கொடுக்கிறார்களாம். அம்மொழியைக் கற்று வந்தவருக்கு இங்கே கொழும்பிலும் வேலை உண்டு, அங்கேயும் வேறு வாசல்கள் உண்டு. மாணவ விசாவிலே களவாகப் பாடஞ் சொல்லமாட்டேன் என்று மட்டும் எனக்குச் சொல்லும்.”

“எந்தப் பட்டினம் ஐயா? நீங்கள் இன்னும் அதைச் சொல்லவில்லை.”

அவருடைய தாளிலே இல்லாத ஒரு பெயரை நான் எழுதினேன்: சுவான்சௌ. தென்கீழ்க் கடற்கரையில் உள்ள பழைய துறைமுகம். அராபியரும் பாரசீகரும் தமிழரும் குடியிருந்த இடம். அங்கே ஒரு சிவன் கோயில் இருந்தது. அதன் சிற்பத் தூண்களை இன்றும் கையுவான் என்னும் பௌத்த விகாரத்திலே காணலாம். இடிந்ததை எறியாது எடுத்துத் தங்கள் கோயிலுக்குத் தூணாக நிறுத்தியிருக்கிறார்கள். அவ்வூரிலே ஒரு தமிழ்க் கல்வெட்டும் கிடைத்தது. 1281 ஆம் ஆண்டு சித்திரை மாதத்திலே, சம்பந்தப்பெருமாள் என்பவர், மங்கோலியக் கானின் ஆணை பெற்று, அவனுடைய உடல்நலத்துக்காக இறைவனை எழுந்தருளுவித்த செய்தி அதிலே இருக்கிறது. கல்லின் அடியிலே சீன எழுத்தும் உண்டு. அரசனுடைய முத்திரையோடு நேர்வாசலால் உள்ளே சென்றவர் அவர்; தம் மொழியையும் விடவில்லை, அவர்கள் எழுத்தையும் ஒதுக்கவில்லை. 2021 இலே அப்பட்டினத்தை உலக மரபுரிமை இடங்களுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். சாங்காயைப் போலப் பெரிதன்று. ஆனாலும் நமக்குப் பெரிய பட்டினந்தான், யாழ்ப்பாணத்தைப் பல முறை உள்ளே அடக்கிவிடும்.

“சம்பளம்?” என்றார் அவர் சிரித்துக்கொண்டு.

“அது உம்முடைய தாளிலே எழுதவேண்டியது. என்னிடம் கேட்டது வரவேற்பு.”

போகும்போது, அந்தக் கல்வெட்டுத் தமிழை இக்கால எழுத்திலே சந்தி பிரித்து எழுதித் தரமுடியுமா என்று கேட்டார். எப்பொழுதாவது அவ்வூருக்குப் போனால் படித்துப் பார்க்கலாம் என்றார். எழுதிவைத்திருக்கிறேன். ‘பிறுமான்’ என்று ஒரு சொல் வருகிறது. அரசாணையைக் குறிக்கும் பாரசீகச் சொல் அது. அதற்கு ஒரு குறிப்பும் சேர்த்திருக்கிறேன். தாள் நன்னூலுக்குள்ளே இருக்கிறது. தங்கையின் கலியாணம் ஆவணியில் என்றார். அதற்கு முன் ஒருநாள் வருவார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.